கெட்டிஸ்பர்க் போர்க்களமும் அதன் வழிகாட்டிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. 1863-ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தவர் தொகை ஏறக்குறைய 2,400. அவ்வாண்டு ஜூலை மாதம் 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களில், ஊரைச் சூழ்ந்த கோதுமை வயல்களிலும் பழத்தோட்டங்களிலும் குன்றுகளிலும் இரு பெரும் படைகள் மோதின. இறந்தோர், புண்பட்டோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் ஆகிய அனைவரையும் கூட்டினால் ஐம்பதினாயிரத்தைத் தாண்டும். ஊராருள் ஒருவருக்கு இருபது பேர் என்ற கணக்கு.

அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-1865) நடுக் கட்டம். அடிமை முறையைக் காக்கும் பொருட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக்கு ராபர்ட் லீ தலைவர். நாடு பிளவுபடலாகாது என்று நின்ற வடபடைக்கு ஜார்ஜ் மீட் தலைவர். அவர் தலைமைப் பொறுப்பேற்று மூன்று நாட்களே ஆகியிருந்தன. மூன்றாம் நாள் பிற்பகலில் லீயின் பெருந்தாக்குதல் முறிந்தது. மறுநாள் இரவு கொட்டும் மழையில் தென்படை பின்வாங்கியது. இவ்வளவும் பள்ளிப் பாடநூலில் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு பத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு களத்திற்குச் செல்பவர் அங்கே காண்பது என்ன? புல்வெளி, மரவேலி, கற்றூண்கள், ஓசையடங்கிய பீரங்கிகள். மேட்டில் நின்று பார்த்தால் எத்திசையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவேதான் அங்கே வழிகாட்டி ஒருவர் வேண்டப்படுகிறார்.

அவ்வழிகாட்டிகள் நம் ஊர்களில் கோவில் வாயிலிலும் கோட்டை வாயிலிலும் நின்று அழைப்பவர்களைப் போன்றவர் அல்லர். தொடக்கத்தில் அங்கும் அப்படித்தான் இருந்தது. போர் முடிந்த சில நாட்களிலேயே மக்கள் களம் காண வரலாயினர். ஊராரும் பழைய போர்வீரரும் கூலிக்கு வழிகாட்டினர். அவர்களுள் உண்மை அறிந்தவரும் இருந்தனர். கேட்போர் வாய் பிளக்கும்படி கதை கட்டியவரும் இருந்தனர். 1895-ஆம் ஆண்டில் அக்களம் தேசியப் போர்ப் பூங்காவாகி அமெரிக்கப் போர்த்துறையின் மேற்பார்வைக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1915-ஆம் ஆண்டில், தேர்வு எழுதி உரிமம் பெற்றவரே கூலிக்கு வழிகாட்டலாம் என்ற விதி பிறந்தது. 1933-ஆம் ஆண்டில் பூங்கா தேசியப் பூங்காத் துறைக்கு மாறிய பின்னரும் இம்முறை நீடித்தது. இன்றும் நடைபெற்று வருகிறது.

தேர்வு எளிதன்று. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் மேலிடம் பெறும் சிலருக்கே அடுத்த படி. பின்னர் ஒரு நாள், தேர்வாளரைக் காரில் அமர்த்திக்கொண்டு, வந்த பயணிக்குக் காட்டுவதுபோலவே களம் முழுவதையும் காட்ட வேண்டும். எந்தப் பட்டாளம் எந்த வேலியோரம் நின்றது, அதன் தலைவர் யார், அது எவ்வழி வந்து எவ்வழி பின்வாங்கியது, பீரங்கி எத்தனை மைல் சுடும், புண்பட்டோர் எந்தக் களஞ்சியத்தில் கிடத்தப்பட்டனர் என்று கேள்விகள் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் படித்தும் தேறாதவர் பலர். உரிமம் பெற்றவர் பயணியின் காரைத் தாமே ஓட்டிச் சென்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மூன்று நாட் போரையும் விளக்கிக் காட்டுவார்.

அவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளியாசிரியர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வேறு தொழில் செய்துகொண்டே இதைப் பயின்றவர் எனப் பலதிறத்தார் அவருள் உளர். இதில் வியப்பில்லை. மலேசியாவில் கம்பார் மலைச்சரிவில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த போரை ஆராய்ந்து நூல் எழுதியவரும், அக்களத்தின் பதுங்குகுழிகளைப் பலருக்கும் நடந்து காட்டியவருமான சை கூய் லூங் அவ்வூர்ப் பள்ளியாசிரியரே. ஊரில் வாழ்பவருக்கு மழைக்காலத்தில் எந்த ஓடை பெருகும், எந்த மேட்டிலிருந்து எந்தப் பாதை தெரியும் என்பது தெரியும். போர்க்களத்தைப் படிப்பதற்கு அந்த அறிவு பாதி மூலதனம்.

சாலையும் காலணியும்

கெட்டிஸ்பர்க்குக்கு வருவோரில் பலர் ஒரு கதையைச் சுமந்துகொண்டு வருகின்றனர். தென்படையினர் வெறுங்காலோடு நடந்தனராம். ஊரில் காலணிகள் குவிந்து கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு அவற்றை எடுக்கப் போனார்களாம். அதனால் போர் மூண்டதாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு ஜோடிச் செருப்புக்காக ஒரு நாட்டின் தலைவிதி மாறியது என்றால் யாருக்குத்தான் சுவைக்காது? இக்கதைக்கு மூலம், முதல் நாள் போரைத் தொடங்கிய தென்படைத் தளபதி ஹென்றி ஹெத் பின்னர்த் தந்த விளக்கம். மேலிடத்துக் கட்டளையை மீறிப் பெரும்போரில் இறங்கிவிட்டவர் அவர். அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்பதை மறக்கலாகாது. ஊரில் காலணித் தொழிற்சாலை எதுவும் இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, ஜூன் 26-ஆம் நாள், தென்படையின் வேறொரு பிரிவு அவ்வூருக்குள் புகுந்து வேண்டிய பொருள்களைக் கேட்டு வாங்கப் பார்த்தும் விட்டது.

நல்ல வழிகாட்டி இதை வாயால் மறுப்பதோடு நில்லார். நிலப்படத்தை விரித்துக் காட்டுவார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் பத்துச் சாலைகள் அச்சிற்றூரில் வந்து கூடுகின்றன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தில் கூடுவது போல. ஒன்றையொன்று தேடி அலைந்த இரு படைகள் அத்தகைய இடத்தில் சந்திப்பது இயற்கையே. முதல் நாள் காலையில் வடபடையின் குதிரை வீரரை நடத்திய ஜான் பூஃபோர்ட், ஊருக்கு மேற்கே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த மேடுகளில் தம் ஆட்களை நிறுத்திப் பகைவரைத் தாமதப்படுத்தினார். அந்த மேடுகளுள் ஒன்றின் மேல் நின்று பார்ப்பவர், ஊருக்குத் தெற்கேயுள்ள உயர்ந்த குன்றை அவர் ஏன் காக்க விரும்பினார் என்பதைக் கண்ணால் காண்பர். பிற்பகலில் வடபடை ஊர் வழியே சிதறி ஓடியபோது போய்ச் சேர்ந்த இடமும் அக்குன்றுதான். அங்கே ஊர்க் கல்லறைத் தோட்டம் இருந்தது. அதனால் அதற்குக் கல்லறைக் குன்று என்று பெயர். அங்கிருந்து தெற்கே நீளும் மேடு கல்லறை மேடு.

இடம் மாறிய உடல்

இரண்டாம் நாட் போர் நிகழ்ந்த தென்பகுதியில் பெரும்பாறைகள் குவிந்த ஓரிடம் உண்டு. டெவில்ஸ் டென், அதாவது பேயின் குகை, என்பது அதன் பெயர். இரு பாறைகளுக்கிடையே கற்களை அடுக்கிக் கட்டிய சிறு சுவர் ஒன்று அங்கே இருக்கிறது. அமெரிக்கப் போர்ப் படங்களுள் உலகறிந்த ஒரு புகைப்படம் அவ்விடத்தில் எடுக்கப்பட்டது. அலெக்ஸாந்தர் கார்ட்னர் என்பவர் 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட படத்தொகுப்பில் அது இடம்பெற்றது. சுவருக்குப் பின்னே ஓர் இளைஞன் மாண்டு கிடக்கிறான். துப்பாக்கி பாறையிற் சார்த்தப்பட்டிருக்கிறது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுட்ட தென்படை வீரன் தன் மறைவிடத்திலேயே மாண்டான் என்பது படத்திற்குத் தரப்பட்ட விளக்கம். சில மாதம் கழித்துத் தாம் மீண்டும் அங்கே போனபோது அவ்வீரனின் எலும்பும் துப்பாக்கியும் அப்படியே கிடந்தன என்றும் கார்ட்னர் எழுதினார்.

நூறாண்டுக்கு மேல் உலகம் அதை நம்பியது. வில்லியம் ஃபிராஸனிட்டோ என்ற வரலாற்றறிஞர் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துக்கொண்டு களத்தில் அலைந்தார். மரங்கள் வளர்ந்துவிட்டன, வேலிகள் போய்விட்டன. பாறைகள் மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு படத்திலும் தெரியும் பாறையின் பிளவையும் கறையையும் வைத்து அது எடுக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்தார். அப்போது, அதே உடல், அதே உடையோடு, வேறொரு சரிவில் கிடப்பதாக வேறு சில படங்கள் இருப்பது தெரியவந்தது. படம் எடுக்கப் போனவர்கள் அவ்வுடலைச் சில பத்துக் கஜ தூரம் தூக்கிச் சென்று, காட்சி அழகாக அமையும் பொருட்டுச் சுவருக்குப் பின்னே கிடத்தியிருக்கின்றனர். சார்த்தியிருக்கும் துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுவோர் கையாண்ட வகையன்று. நினைவுப் பொருள் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்த களத்தில் ஒரு துப்பாக்கி மாதக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதும் ஏற்கத்தக்கதன்று. இவற்றையெல்லாம் 1975-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஃபிராஸனிட்டோ விளக்கினார்.

இன்று வழிகாட்டிகள் அப்படத்தின் படியொன்றைக் கையில் ஏந்தி அதே சுவரருகே பயணியரை நிறுத்துகின்றனர். பாறையின் விளிம்பும் படத்தின் விளிம்பும் பொருந்துவதைக் காட்டுகின்றனர். பின்னர்ச் சரிவில் இறங்கி, உடல் முதலில் கிடந்த இடத்தைக் காட்டுகின்றனர். அவன் எந்த ஊரினன் என்பது எவருக்கும் தெரியாது. அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட தொழிலும் பொய், கிடந்த இடமும் பொய். அவன் மாண்டான் என்ற ஒன்று மட்டும் மெய். புகைப்படம் பொய் சொல்லாது என்று வகுப்பில் சொல்லிவரும் ஆசிரியர் எவரும் இவ்விடத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

அதற்கு நேர் எதிரே பள்ளத்தாக்கைக் கடந்தால் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற சிறு குன்று. இரண்டாம் நாள் பிற்பகலில் அது காவலின்றி இருப்பதை வடபடைத் தலைமைப் பொறியாளர் கவர்னர் வாரன் கண்டார். (கவர்னர் என்பது அவருடைய பெயர், பதவியன்று.) அவர் அனுப்பிய ஆளைக் கண்ட ஸ்டிராங் வின்சென்ட் என்ற தளபதி, தம் மேலதிகாரியின் கட்டளைக்குக் காத்திராமல் நான்கு பட்டாளங்களை அழைத்துக்கொண்டு விரைந்து மேலேறினார். அங்கேயே படுகாயமுற்று, சில நாட்களில் மாண்டார். அந்நால்வகைப் பட்டாளத்துள் கடைக்கோடியில் நின்றது 20-ஆம் மெய்ன் பட்டாளம். அதன் தலைவர் ஜோஷுவா சேம்பர்லேன், கல்லூரியில் சொற்கலை கற்பித்தவர். குண்டுகள் தீர்ந்த நிலையில் துப்பாக்கி முனைக் கத்தியோடு அவர் வீரர் சரிவில் பாய்ந்திறங்கினர். எதிரே வந்த 15-ஆம் அலபாமாப் பட்டாளம் சிதறியது.

1974-ஆம் ஆண்டில் ஒரு நாவலும் 1993-ஆம் ஆண்டில் ஒரு திரைப்படமும் சேம்பர்லேனைப் பெரும் புகழுக்கு உயர்த்தின. அதன்பின் வருவோரெல்லாம் முதலில் கேட்பது அந்தச் சரிவு எங்கே என்பதுதான். கூட்டம் மிதித்து மண் அரிக்கப்பட்டதால், 2022-ஆம் ஆண்டு அக்குன்றை மூடிச் செப்பனிட்டு 2024-ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. கதாநாயகனைக் காண வந்தவரிடம் வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதில்தான் அவர் தரம் தெரியும். அப்பட்டாளத்தின் மற்றோர் அதிகாரியான எல்லிஸ் ஸ்பியர், பாயும்படி தமக்குக் கட்டளை எதுவும் வரவில்லை என்று பிற்காலத்தில் எழுதியதைச் சொல்வார். எதிரியின் பக்கமும் அழைத்துச் செல்வார். அலபாமா வீரர் அன்று இருபது மைலுக்கு மேல் வெயிலில் நடந்து வந்தவர்கள். தண்ணீர்க் குப்பிகளை நிரப்பிவரப் போன ஆட்கள் திரும்பவேயில்லை, வடபடையிடம் சிக்கிவிட்டனர். நாவறண்ட நிலையில்தான் அவர்கள் அச்சரிவில் மீண்டும் மீண்டும் ஏறினர். அவர்தம் தலைவர் வில்லியம் ஓட்ஸ் தம் தம்பி ஜானை அங்கே இழந்தார். முதுமையில், தம் ஆட்கள் எட்டிய இடத்தில் ஒரு நினைவுக் கல் நட விரும்பினார். எட்டிய இடம் எது என்பதில் சேம்பர்லேனும் அவரும் உடன்படவில்லை. அக்கல் கடைசிவரை நடப்படவில்லை. முதலில் சொன்ன வீரச் செயலும் பின்னர்ச் சொன்ன வறட்சியும் தம்பியின் வீழ்ச்சியும் ஒரே சரிவில் நடந்தவை. ஒன்றை மட்டும் கேட்டுத் திரும்புபவர் பாதிப் போரைத்தான் கண்டவராவார்.

மறைக்கும் நிலம்

மூன்றாம் நாட் காலையில் கல்ப்ஸ் குன்றில் ஏழு மணி நேரம் நடந்த கடும்போரைப் பெரும்பாலான பயணிகள் பார்ப்பதே இல்லை. முந்திய நாளிரவில் 62 வயதான ஜார்ஜ் கிரீன் என்ற பொறியாளர்த் தளபதி, மரத்தையும் மண்ணையும் கொண்டு தம் ஆட்கள் எழுப்பிய அரண்களை வைத்தே அக்குன்றைக் காத்தார். குதிரையேறிப் பாய்ந்தவர் பெயர் நிலைக்கிறது. அரண் எழுப்பியவர் பெயர் நிலைப்பதில்லை போலும்.

எல்லாரும் காண விரும்புவது பிற்பகலில் நடந்த பெருந்தாக்குதலின் களம். ஏறக்குறைய 12,500 தென்படை வீரர் செமினரி மேட்டின் மரநிழலிலிருந்து புறப்பட்டு, முக்கால் மைலுக்கு மேற்பட்ட வெட்டவெளியைக் கடந்து கல்லறை மேட்டின் நடுவே இருந்த கற்சுவரை நோக்கி நடந்தனர். அதற்கு முன் நூற்றைம்பதளவு பீரங்கிகள் முழங்கின. புகை மண்டியதால் குண்டுகள் குறி தவறி வடபடை வரிசைக்கு அப்பால் போய் விழுவதைத் தென்படையினர் உணரவில்லை.

கற்சுவரருகே நின்று பார்ப்பவர்க்கு எதிரே தெரிவது தட்டையான வயல். இவ்வளவு நேரம் இத்தனை பேர் கண்ணுக்குத் தெரியும்படி நடந்து வந்தார்களா, இது அறிவற்ற செயலன்றோ என்று தோன்றும். வழிகாட்டி அப்போது வாதாடுவதில்லை. பயணியருள் சிலரைத் தென்படை நின்ற மரவரிசையிலிருந்து நடந்து வரச் சொல்வார். மற்றவரைச் சுவரருகே நிறுத்துவார். நடப்பவர்கள் கொஞ்ச தூரம் வந்ததும் முழங்கால் மறையும், பின்னர் மார்பு மறையும், பின்னர் ஆளே மறைந்துபோவர். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றிய வயலில் நீண்ட தாழ்வுகள் அலையலையாக இருக்கின்றன. அத்தாழ்வுகளில் இறங்கியபோது பட்டாளங்கள் ஓரளவு மறைவு பெற்றன. அங்கே வரிசையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டன. லீயின் முடிவு சரியென்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அது ஏன் அவருக்கு இயலும் செயலாகத் தோன்றியது என்பது கால் வழியே விளங்குகிறது. நூலில் எத்தனை படம் வரைந்து காட்டினாலும் இந்த விளக்கம் கிட்டாது.

அடுத்தது வேலி. வயலின் குறுக்கே எமிட்ஸ்பர்க் சாலை செல்கிறது. அதன் இருபுறமும் கம்பம் நட்டுப் பலகை கோத்த வலுவான மரவேலி இருந்தது. எளிதில் தள்ளிச் சாய்க்க முடியாத வேலி. ஏறித்தான் தாண்ட வேண்டும். வேலிமேல் ஏறியவன் ஒரு கணம் வானத்தை முதுகாக வைத்து நிற்கிறான். எதிரே இருநூறு முந்நூறு கஜத்தில் துப்பாக்கிகள். சாலையின் பள்ளத்திலேயே படுத்துவிட்டவர் பலர். சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தவர் சில நூற்றுவர் மட்டுமே. பிக்கெட் என்பவரின் படைப்பகுதியிலிருந்த மூன்று பிரிவுத் தலைவருள் கார்னெட் மாண்டார், ஆர்மிஸ்டெட் சுவருக்கு இப்பால் வீழ்ந்து பின்னர் இறந்தார், கெம்பர் படுகாயமுற்றார். புறப்பட்டவருள் பாதிப்பேருக்கு மேல் இழப்பு.

இதற்குப் 'பிக்கெட் தாக்குதல்' என்று பெயர் வந்த வரலாறும் ஒரு பாடம். தாக்கியவருள் பாதிக்குக் குறைவானவரே பிக்கெட்டின் ஆட்கள். மற்றவர் பெட்டிக்ரூ, டிரிம்பிள் ஆகியோர் நடத்திய படையினர். அவருள் வட கரோலினா மாநிலத்தார் மிகுதி. ஆனால் செய்தி அச்சேறியது பெரும்பாலும் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டுப் பத்திரிகைகளில். பிக்கெட்டின் ஆட்களோ வர்ஜீனியர். வட கரோலினாவார் தம் மாண்ட உறவினரின் பெயர் மறைந்துபோனதை எண்ணித் தலைமுறைக் கணக்கில் வாதிட்டனர்.

கல்லுக்காக ஒரு வழக்கு

களத்தில் இன்று 1,300-க்கு மேற்பட்ட நினைவுத் தூண்களும் குறிகற்களும் உள்ளன. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தமிழர் நன்கறிவர். தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதன் படிகளை முறைப்படுத்தியும் கூறுகிறது. எனினும் நடுகல் வீழ்ந்தவனைப் பற்றிய சான்று. நட்டவரைப் பற்றிய சான்றும் ஆகும். இப்பின்னைய செய்தியைக் கெட்டிஸ்பர்க் மிக நன்றாகக் காட்டுகிறது.

அங்கே கல் நடும் பொறுப்பை முதலில் ஏற்றிருந்த சங்கம், ஒவ்வொரு பட்டாளத்தின் கல்லும் அது போர்வரிசையில் நின்ற இடத்திலேயே அமைய வேண்டும் என்று விதித்தது. பார்வைக்கு நேர்மையான விதி. ஆனால் 72-ஆம் பென்சில்வேனியாப் பட்டாளத்தார் அதனை ஏற்கவில்லை. பெருந்தாக்குதல் வந்தபோது அவர்கள் சுவருக்குச் சற்றுப் பின்னே மேட்டின் முகட்டில் நின்றனர். முன்னேறும்படி தளபதி வெப் கட்டளையிட்டும் முதலில் அசையவில்லை. பின்னரே சுவரை நோக்கிப் பாய்ந்தனர். கல் முகட்டில் இருக்க வேண்டும் என்றது சங்கம். எங்கள் தோழர் செத்தது சுவரருகே, கல்லும் அங்கேதான் என்றனர் பட்டாளத்தார். வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1891-ஆம் ஆண்டில் பட்டாளத்தார் வென்றனர். துப்பாக்கியைத் தடிபோல ஓங்கிய வீரனின் சிலை சுவருக்கருகே அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. அவ்வழக்கில் பழைய வீரர் அளித்த வாக்குமூலங்கள்தாம் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இன்று வரலாற்றறிஞர்க்குக் கிடைக்கும் வளமான சான்றுகளுள் ஒன்று. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்துவதில்லை. வழிகாட்டி அதையும் மறைக்காமல் சொல்கிறார்.

போர்வரிசை விதியால் இன்னொரு விளைவும் நேர்ந்தது. தாக்க வந்த தென்படையின் வரிசை களத்தின் நடுப்பகுதியிலிருந்து வெகுதூரத்தில் இருந்ததால், அவர்தம் கற்கள் நெடுங்காலம் மிகச் சிலவாகவே இருந்தன. வர்ஜீனியா மாநிலம் லீயின் சிலையோடு தன் நினைவுச் சின்னத்தை எழுப்பியது 1917-ஆம் ஆண்டில். பெருந்தாக்குதல் வேண்டாம் என்று லீயிடம் வாதாடிய லாங்ஸ்டிரீட்டுக்கு அங்கே சிலை அமைந்தது 1998-ஆம் ஆண்டில்தான். 1870-இல் லீ மறைந்த பின்னர், ஜூபல் ஏர்லி முதலியோர் தோல்விப் பழியை லாங்ஸ்டிரீட் தலையில் கட்டினர். போருக்குப் பின் அவர் வடவரின் அரசியற் கட்சியில் சேர்ந்தது அதற்கு எண்ணெய் வார்த்தது. இப்பழி களத்தில் வழிகாட்டியவர் வாயிலும் நெடுநாள் வாழ்ந்தது.

பதினைந்து டாலர்

பெருந்தாக்குதலின் வடமுனை வந்து முட்டிய இடத்தில், மேட்டின்மேல், வெள்ளையடித்த சிறு மரவீடு ஒன்று நிற்கிறது. பயணிகள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருப்பர். அது ஏப்ரகாம் பிரையன் என்ற கறுப்பின உழவருடைய வீடு. அவர் அடிமையல்லர், 1857-ஆம் ஆண்டில் பன்னிரண்டு ஏக்கர் நிலம் வாங்கிப் பயிரிட்டு வந்தவர். தென்படை பென்சில்வேனியாவுக்குள் நுழைகிறது என்று கேட்டதும் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். காரணம் உண்டு. லீயின் படையினர் வழியிலிருந்த ஊர்களில் கறுப்பின மக்களைப் பிடித்து, பிறப்பால் உரிமை பெற்றவர் என்றும் பாராமல், அடிமைகளாகத் தெற்கே ஓட்டிச் சென்றனர். பிரையன் திரும்பிவந்தபோது வீடு துளைபட்டு, வேலி எரிந்து, பயிர் மிதிபட்டுக் கிடந்தது. அரசாங்கத்திடம் 1,028 டாலர் இழப்பீடு கேட்டார். கிடைத்தது 15 டாலர்.

இந்த வீட்டின் வரலாற்றைப் பழைய வழிகாட்டிகள் பெரிதாகச் சொன்னதில்லை. 1913-ஆம் ஆண்டில் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட முதிய வீரர் வந்து கூடினர். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டவர்கள் அதே கற்சுவரின் மேல் கைநீட்டிக் குலுக்கிக்கொண்டனர். அக்காட்சி கண்ணீர் வரவழைப்பதே. ஆனால் இருதரத்தாரும் சமமான வீரர், போருக்குக் காரணம் எதுவாயினும் ஆகுக என்ற போக்கில் அன்றுமுதல் களவிளக்கம் ஊறிப்போயிற்று. எந்தப் பட்டாளம் எங்கே திரும்பியது என்பதைக் கஜக்கணக்கில் சொன்னவர்கள், எதற்காகத் திரும்பியது என்பதைச் சொல்லாமலே விட்டனர். 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கக் காங்கிரஸும் பூங்காத் துறையும் இதில் தலையிட்டன. அடிமை முறை போருக்குக் காரணமாக அமைந்ததையும் போர்க்களப் பூங்காக்கள் விளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சிலர் கடுமையாக எதிர்த்தனர். களத்தில் போரைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்றனர். 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய அருங்காட்சியகம் போருக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றுக்கும் இடம் ஒதுக்கியது. இன்று நல்ல வழிகாட்டி பிரையன் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறார். அங்கிருந்து பார்த்தால் தாக்குதல் வந்த வயல் முழுவதும் தெரிகிறது. வந்தவர்கள் வென்றிருந்தால் அவ்வீட்டாருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதும் தெரிகிறது.

சுற்று பெரும்பாலும் கல்லறைக் குன்றில், தேசிய இடுகாட்டுக்கருகே முடியும். 1863 நவம்பர் 19-ஆம் நாள் அவ்விடுகாட்டின் தொடக்க விழாவில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து எழுந்த குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் இரண்டு மணித்துளி பேசினார். எது நிலைத்தது என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடபடையில் மாண்ட ஏறத்தாழ 3,500 பேர் அங்கே அரைவட்ட வரிசைகளில் புதைக்கப்பட்டுள்ளனர். பெயர் தெரியாதவர்க்கு எண் பொறித்த சிறு கல். தென்படையின் பிணங்கள் வயல்களிலேயே பல ஆண்டு கிடந்தன. 1870-களின் தொடக்கத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தோண்டியெடுத்துப் பெரும்பாலும் ரிச்மண்டுக்குக் கொண்டு சென்றனர்.

எல்லாரையும் எடுத்துவிடவில்லை. 1996-ஆம் ஆண்டில், முதல் நாட் போர் நடந்த இருப்புப் பாதை வெட்டுப் பள்ளத்தின் கரையில், மண் அரித்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. அறிஞர்கள் ஆய்ந்து பார்த்தனர். போரில் மாண்ட வீரன் என்பது தெரிந்தது. எந்தப் படையினன் என்பது தெரியவில்லை. 1997 ஜூலை 1-ஆம் நாள் அவனைத் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்தனர். அவ்விழாவுக்கு உள்நாட்டுப் போர் வீரர்களின் கைம்பெண்கள் இருவர் வந்திருந்தனர். முதிய வீரரை இளவயதில் மணந்தவர்கள். டெய்ஸி ஆண்டர்சனின் கணவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வடபடையில் சேர்ந்த கறுப்பினத்தவர். ஆல்பெர்ட்டா மார்ட்டினின் கணவர், அலபாமாவைச் சேர்ந்த தென்படை வீரர்.